கேத்தரின் பிளாட்ஜெட்: கண்ணாடி மீது ஒரு மூலக்கூறு உயரத்தில் படலம் ஒட்டியவர், செல் சவ்வு ஆய்வுக்கு அது எப்படி அடித்தளமானது?

மழை விட்ட பிறகு திருவாலங்காடு சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு டிராக்டர்களும் லாரிகளும் நின்றுவிட்டுப் போன இடத்தைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் டீசல் ஒரு சொட்டு விழுந்திருக்கும். அந்தச் சொட்டு விரிந்து ஊதா, பச்சை, மஞ்சள் என்று வானவில் மாதிரி நிறம் காட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையிலும் இதே காட்சிதான்.

டீசலுக்கு அந்த நிறம் கிடையாது. தண்ணீருக்கும் கிடையாது. பிறகு எங்கிருந்து வருகிறது? படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. சில நிறங்கள் வலுக்கின்றன, சில நிறங்கள் அழிகின்றன. எது வலுக்கும், எது அழியும் என்பது படலம் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது.

எல்லோரும் பார்த்துவிட்டுத் தாண்டிப்போகும் இந்த நிறத்தையே ஓர் அளவுகோலாக மாற்றியவர் அமெரிக்க இயற்பியலாளர் கேத்தரின் பர் பிளாட்ஜெட். தண்ணீர் மீது மிதந்த, ஒரே ஒரு மூலக்கூறு உயரம் கொண்ட கொழுப்புப் படலத்தைக் கண்ணாடி மீது ஏற்றி, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று அடுக்கிக் காட்டினார். இன்றைக்கு ஆய்வகங்களில் செயற்கை செல் சவ்வுகளைக் கண்ணாடி மீதும் சிலிக்கான் மீதும் பரப்பிச் சோதிக்கிறார்களே, அதற்கான வழி இங்கேதான் தொடங்குகிறது.

யார் இந்த கேத்தரின் பிளாட்ஜெட்?

1898 ஜனவரி 10-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் ஸ்கெனெக்டடி நகரில் பிறந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைமையகம் இருந்த ஊர் அது. தந்தை ஜார்ஜ் பிளாட்ஜெட் அந்த நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வழக்கறிஞர். ஆனால், மகள் தந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், வீட்டுக்குள் புகுந்த கொள்ளையன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான்.

கையில் ஒரு மகன், வயிற்றில் ஒரு மகள். தாய் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிறகு சில ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தார்கள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்கும் காலம் அது. அந்தத் தாய் அப்படிக் கேட்கவில்லை. உதவித்தொகை பெற்று பிரின் மார் பெண்கள் கல்லூரியில் சேர்ந்த கேத்தரின், 1917-ல் பட்டம் பெற்றார்.

கல்லூரியின் கடைசி ஆண்டு விடுமுறையில் தந்தை வேலை பார்த்த நிறுவனத்தைப் பார்க்கப் போனார். தந்தையின் பழைய சகாக்கள் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சுற்றிக்காட்டியவர் எர்விங் லாங்மியூர். அப்போதே பெயர் பெற்ற விஞ்ஞானி. பின்னாளில், 1932-ல், பரப்பு வேதியியலுக்காக நோபல் பரிசு வாங்கியவர். ஆய்வகத்தில் வேலை வேண்டுமென்றால் மேலே படித்துவிட்டு வரவேண்டும் என்று அவர் யோசனை சொன்னார்.

அந்தப் பெண் அதை அப்படியே செய்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலை. ஆய்வுப் பொருள், விஷவாயு முகமூடிகளில் போடப்படும் கரி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், போர்முனையில் நச்சுவாயு வீசிக்கொண்டிருந்தார்கள். கரியின் பரப்பில் வாயு மூலக்கூறுகள் எப்படிப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. ஆக, 20 வயதிலேயே அவர் கையில் எடுத்தது ஒரு பரப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தைத்தான்.

1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானியாக வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவர். ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் கிடைத்த இடம் என்று சொல்பவர்கள் உண்டு. அது ஓரளவு உண்மைதான். ஆனால் போர் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகும் 45 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது அவருடைய வேலையால்.

1924-ல் லாங்மியூரின் பரிந்துரையோடு இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகம். தலைமை, அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டு. அயனியாக்கப்பட்ட பாதரச ஆவியில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஆராய்ந்து 1926-ல் முனைவர் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவரான முதல் பெண் அவர்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே கேம்பிரிட்ஜ், பெண்களைப் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1948-ல்தான்.

தொட்டியில் மிதந்த படலம்

தண்ணீரில் எண்ணெய் பரவும் விஷயத்தில் ஆர்வம் காட்டியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் அளவுக்கு அலை அடங்கியதைப் பார்த்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பல்கலைக்கழகப் பக்கமே போக முடியாத ஜெர்மானியப் பெண் அக்னஸ் போக்கல்ஸ், வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே நீர்ப்பரப்பின் இழுவிசையை அளக்கும் தொட்டி ஒன்றைச் செய்தார். 1891-ல் அவருடைய கடிதம் நேச்சர் இதழில் வந்தது. லாங்மியூர் 1917-ல் வெளியிட்ட கட்டுரையில் வரும் தொட்டிக்கு அந்தச் சமையலறைத் தொட்டிதான் முன்னோடி.

லாங்மியூர் சொன்னது இதுதான். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமில மூலக்கூறு ஒரு தீக்குச்சி மாதிரி. அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். நீண்ட வாலுக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் மீது கொஞ்சமாக விட்டால், தலைகள் எல்லாம் நீருக்குள் புதைந்துகொள்ளும், வால்கள் எல்லாம் காற்றைப் பார்த்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு தடுப்பை வைத்து மெல்ல நெருக்கினால், கூட்ட நேர மின்சார ரயிலில் பயணிகள் நிற்பது போல மூலக்கூறுகள் நெருக்கி நேராக நிற்கும். உயரம் ஒரே ஒரு மூலக்கூறு. அளவில் சொன்னால் சுமார் 2.4 நானோமீட்டர். இப்படி ஏறத்தாழ 30,000 படலங்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

இதுவரை எல்லாம் தண்ணீர் மீது நடந்தது. படலத்தைத் தாங்கியது தண்ணீர். அந்தத் தாங்கும் தளத்தை மாற்றினால் என்ன ஆகும்? பிளாட்ஜெட்டின் பெயர் நிலைத்தது இந்தக் கேள்வியில்தான்.

கண்ணாடியை மூழ்கடித்தால் என்ன ஆகும்?

1930-களின் முதல் பாதியில் அவர் செய்த சோதனை பார்ப்பதற்கு ரொம்ப எளிமையானது. தொட்டி நிறையத் தண்ணீர். அதில் கொஞ்சம் பேரியம் உப்பு கரைந்திருக்கும். மேலே ஸ்டியரிக் அமிலப் படலம். ஒரு கண்ணாடித் துண்டைச் செங்குத்தாக மெல்ல உள்ளே இறக்கி, மெல்ல வெளியே எடுப்பார்.

பேரியம் எதற்கு? திருவள்ளூர் மாவட்டத்தில் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து வாளியில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறுவதால் அது நடக்கிறது. பேரியமும் கால்சியத்தின் உறவுக்கார உலோகம்தான். நமக்குத் தொல்லை தரும் அந்தத் திரிதலைத்தான் அவர் படலத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்படுத்திக்கொண்டார்.

கண்ணாடி மேலே வரும்போது படலமும் கூடவே ஏறும். அப்படி ஏறும்போது தொட்டியில் மிதக்கும் மிச்சப் படலம் தளர்ந்துவிடக் கூடாது, அழுத்தம் ஒரே சீராக இருக்கவேண்டும். இதற்கு அவர் கையாண்ட பொருள்களில் ஒன்று விளக்கெண்ணெய். ஆமாம், நம்ம ஊர் ஆமணக்கு எண்ணெய்தான். தண்ணீர் மீது மெழுகு தடவிய பட்டு நூலை மிதக்கவிட்டு, நூலுக்கு ஒரு பக்கம் படலம், மறுபக்கம் எண்ணெய். எண்ணெய் எப்போதும் பரவத் துடிக்கும். அதனால் நூலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணாடி மீது எவ்வளவு பரப்பு ஏறியதோ, அவ்வளவு தூரம் நூல் நகரும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. அழுத்தம் மட்டும் மாறாது. அந்தக் கால ஆய்வகச் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முக்கியமான விஷயம், கண்ணாடியின் பரப்பு எப்படிப்பட்டது என்பது. சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீர் பிடிக்கும். அதனால் முதல் முறை உள்ளே இறங்கும்போது எதுவும் ஒட்டாது. வெளியே வரும்போதுதான் மூலக்கூறுகளின் தலைகள் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். வால்கள் வெளியே நிற்கும். இப்போது கண்ணாடியின் குணமே மாறிவிட்டது. தண்ணீர் ஒட்டாது. மறுபடி இறக்கினால், இந்த வால்களோடு மிதக்கும் படலத்தின் வால்கள் சேரும். மறுபடி எடுத்தால், தலையோடு தலை. இப்படித் தலைக்குத் தலை, வாலுக்கு வால் என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ முதல் இறக்கத்திலேயே வால்கள் ஒட்டிக்கொள்ளும், வரிசையே தலைகீழாகிவிடும். அடியில் இருப்பது எதுவோ, அதுதான் மேலே வருவதன் முகத்தைத் தீர்மானிக்கிறது.

1935-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் இந்த முறையை விரிவாக வெளியிட்டார். ஆசிரியர் பெயர், பிளாட்ஜெட் மட்டும். இன்று உலகம் முழுக்க இவற்றை லாங்மியூர்-பிளாட்ஜெட் படலங்கள் என்று அழைக்கிறார்கள்.

நிறத்தை வைத்துத் தடிமன் அளந்தது எப்படி?

ஒவ்வோர் அடுக்கும் ஒரே உயரம். அப்படியானால் எத்தனை முறை முக்கினோம் என்று எண்ணினாலே தடிமன் தெரிந்துவிடும். தேவையான அடுக்குகள் சேர்ந்ததும் படலம் நிறம் காட்டத் தொடங்கும். அடுக்குகளின் எண்ணிக்கை மாறினால் நிறமும் மாறும். டீசல் படலத்தில் நடக்கும் அதே கதை. ஒரே வித்தியாசம், இங்கே எந்த நிறத்துக்கு எத்தனை அடுக்கு என்பது கணக்காகத் தெரியும்.

அவர் ஒரு கண்ணாடித் துண்டில் படிக்கட்டு மாதிரி அடுக்குகளை ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். தடிமன் தெரியாத ஒரு படலத்தை இதன் பக்கத்தில் வைத்து, எந்தப் படியின் நிறத்தோடு பொருந்துகிறது என்று பார்த்தால் போதும். ஓர் அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை அளக்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

பிரதிபலிக்காத கண்ணாடி

அடுத்தது அவரைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோன விஷயம்.

சாதாரணக் கண்ணாடி தன் மீது படும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு அது பரவாயில்லை. ஆனால் கேமராவிலும் தொலைநோக்கியிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல லென்ஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி வீணாகும், படத்தில் தேவையில்லாத வெளிச்சமும் விழும்.

ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனில் ஒரு படலம் இருந்தால், மேல்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இது கொள்கையாகத் தெரிந்த விஷயம்தான். சரியான தடிமனில் படலம் செய்வது எப்படி என்பதுதான் சிக்கல். பிளாட்ஜெட்டுக்கு அது 44 அடுக்குகள். இன்னொரு தடையும் இருந்தது. படலத்தின் ஒளிவிலகல் எண் கண்ணாடியுடையதைவிடப் போதுமான அளவு குறைவாக இருக்கவேண்டும். அதற்கு அவர் படலத்திலிருந்து மாற்றமடையாத கொழுப்பு அமிலத்தை மட்டும் கரைத்து எடுத்துவிட்டு, பேரியம் சோப்பின் எலும்புக்கூட்டை மட்டும் விட்டார். உள்ளே வெற்றிடம் கூடியதால் ஒளிவிலகல் எண் குறைந்தது. கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் பிரதிபலிப்பு அடங்கிப்போனது.

1938 டிசம்பரில் இது அறிவிக்கப்பட்டதும் அமெரிக்கப் பத்திரிகைகள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி என்று கொண்டாடின. அதே நாட்களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கார்ட்ரைட், டர்னர் இருவரும் வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்பை ஆவியாக்கிப் படியவைக்கும் தங்கள் முறையை அறிவித்தார்கள்.

யார் ஜெயித்தார்கள்? சந்தையில் ஜெயித்தது அவர்கள் முறைதான். பிளாட்ஜெட்டின் படலத்தில் ஒரு பலவீனம் இருந்தது. விரலால் தேய்த்தால் போய்விடும். இன்று நம் மூக்குக் கண்ணாடியிலும் செல்போன் கேமரா லென்சிலும் இருப்பது அவருடைய சோப்புப் படலம் அல்ல. அந்தப் பூச்சை அவர்தான் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் பரவும் பதிவுகள் இந்த இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திவிடுகின்றன. ஒரு மூலக்கூறின் உயரத்தை அலகாக வைத்து, வேண்டிய தடிமனில் ஒரு பொருளைக் கட்டி எழுப்பலாம் என்று முதலில் செய்து காட்டியவர் அவர். அந்தப் பெருமையே போதாதா?

போரும் பிந்தைய ஆண்டுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது துருப்புகளை மறைக்கும் புகைத்திரை, விமான இறக்கைகளில் பனி உறைவதைத் தடுப்பது போன்ற வேலைகளில் ஈடுபட்டார். பெயரில் 8 காப்புரிமைகள். 1951-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கார்வன் பதக்கம் கிடைத்தது. பெண் வேதியியலாளர்களுக்கு என்றே வைத்த விருது அது. அதே ஆண்டு ஜூன் 13-ம் தேதியை ஸ்கெனெக்டடி நகரம் அவர் பெயரில் கொண்டாடியது.

ஆனாலும் பல ஆண்டுகள் அவர் லாங்மியூரின் உதவியாளர் என்றே அறியப்பட்டார். தனியாக ஆசிரியர் பெயர் போட்டு 1935-ல் வெளியிட்ட கட்டுரை இருந்தும் இந்த நிலை. கேள்வியைத் தொடங்கி வைத்தவர் லாங்மியூர் என்பதில் சந்தேகமில்லை, அவரும் தன் சக ஆய்வாளரின் திறமையைப் பொதுவில் பாராட்டத் தயங்கியவர் இல்லை. கண்ணாடி மீது அடுக்கு மேல் அடுக்காக ஏற்றிக் காட்டிய கை மட்டும் பிளாட்ஜெட்டுடையது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊர் நாடகக் குழுவில் நடித்தார், தோட்டம் போட்டார், கோடையில் ஜார்ஜ் ஏரிக்கரையில் உள்ள வீட்டுக்குப் போவார். 1963-ல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12-ம் தேதி, 81 வயதில் ஸ்கெனெக்டடியில் காலமானார்.

செல் சவ்வுக்கு இதில் என்ன வேலை?

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது லிப்பிட் எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. தலைகள் வெளிப்பக்கமும் உட்பக்கமும் தண்ணீரைப் பார்த்திருக்கும், வால்கள் நடுவே ஒன்றையொன்று பார்த்திருக்கும். பிளாட்ஜெட் அடுக்கிய வாலுக்கு வால் வரிசையேதான்.

இது இரட்டை அடுக்கு என்பதைக் கண்டுபிடிக்க உதவியதும் லாங்மியூரின் தொட்டிதான். 1925-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து எடுத்து, தொட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. கொழுப்பை அவர்கள் முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ள, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது.

இன்றைய மருந்துகளில் பெரும் பகுதி, செல் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதங்களைக் குறிவைப்பவை. வைரஸ் நுழைவதும், காலரா கிருமியின் நச்சு பற்றிக்கொள்வதும் சவ்வில்தான். உயிருள்ள செல்லின் சவ்வு ஒரு சந்தை மாதிரி, ஆயிரம் விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். அதனால் இரண்டு மூன்று பொருள்களை மட்டும் வைத்து ஒரு செயற்கைச் சவ்வு செய்து பார்ப்பது வழக்கம். அதைத் தண்ணீரில் தனியாக மிதக்கவிட்டால் நுண்ணோக்கியில் பிடிப்பது கஷ்டம், சீக்கிரம் கிழியும். அதனால் ஒரு தளத்தின் மீது படுக்க வைக்கிறார்கள்.

பிளாட்ஜெட் மறைந்து 6 ஆண்டுகள் கழித்து, 1985-ல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாம், மெக்கானல் இருவரும் இதை முறையாகச் செய்து வெளியிட்டார்கள். முதல் அடுக்கை ஏற்றியது எப்படி? தளத்தைத் தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல மேலே எடுத்து. 50 ஆண்டுகளுக்கு முந்தைய அதே முறை.

தளம் மாறினால் சவ்வும் மாறுமா?

மாறும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கண்ணாடி மீது கிடக்கும் சவ்வு, பிளாட்ஜெட்டின் சோப்புப் படலம் போல ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு நானோமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய தண்ணீர்ப் படுகை இருக்கும். அதன் மேல் சவ்வு மிதக்கிறது என்றே சொல்லலாம். அதனால் லிப்பிட் மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். உயிருள்ள சவ்வின் முக்கியமான குணம் இந்த ஓட்டம். ஆனால் தளம் கீழே இருப்பதால் ஓட்டத்தின் வேகம் குறைகிறது. தளமே இல்லாத குமிழி வடிவச் சவ்வில் இதே மூலக்கூறுகள் சில மடங்கு வேகமாக ஓடுகின்றன.

எந்தத் தளம் என்பதும் முக்கியம். லிப்பிட்டால் ஆன நுண்குமிழிகளைக் கண்ணாடி அல்லது சிலிக்கா மீது விட்டால், அவை ஒட்டி, நசுங்கி, உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பாய் விரித்தது போலப் பரவிவிடும். அதே குமிழிகளைத் தங்கத்தின் மீது விட்டால் பெரும்பாலும் உடையாமல் குமிழியாகவே உட்கார்ந்திருக்கும். பரப்பின் மின்னூட்டம், தண்ணீரில் உள்ள உப்பு, கால்சியம் இருக்கிறதா என்பதெல்லாம் முடிவை மாற்றும்.

ஆய்வாளர்கள் விரும்பும் இன்னொரு தளம் மைக்கா, அதாவது அப்பிரகம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டி வடக்கே போனால் வரும் கூடூர் பகுதி, அப்பிரகச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அப்பிரகத்தை ஏடு ஏடாக உரித்தால் கிடைக்கும் பரப்பு அணு அளவில் சமதளம். மேடு பள்ளமே இருக்காது. ஆனால் இங்கேயும் ஒரு வினோதம். வெப்பம் ஏறும்போது சவ்வு கெட்டி நிலையிலிருந்து இளகும். தனியாக மிதக்கும் சவ்வில் இரண்டு அடுக்குகளும் சேர்ந்து இளகும். அப்பிரகத்தின் மீதோ, சில சூழ்நிலைகளில், மேலடுக்கு முதலில் இளகுகிறது. தளத்தை ஒட்டிய கீழடுக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் ஏறிய பிறகுதான் இளகுகிறது. ஒரே சவ்வின் இரண்டு பாதிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன என்றால், நாம் அளப்பது சவ்வின் குணத்தையா, தளத்தின் குணத்தையா?

தாங்கும் தளம் தொல்லை கொடுப்பது இந்த ஆய்வகங்களில் மட்டுமல்ல. திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பூண்டி சத்தியமூர்த்தி சாகர் போன்ற ஏரிகளில் கோடையில் ஏராளமான தண்ணீர் ஆவியாகிப் போகிறது. ஒரு மூலக்கூறுப் படலத்தால் ஆவியாவதைக் குறைக்க முடியுமா என்று லாங்மியூரே ஆராய்ந்தார். பின்னர் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இந்தியா என்று பல நாடுகளில் நீர்த்தேக்கங்களில் கொழுப்பு ஆல்கஹாலைத் தூவிப் பார்த்தார்கள். ஆய்வகத் தொட்டியில் நன்றாக வேலை செய்த படலம் ஏரியில் தடுமாறியது. காற்று அடித்தால் படலம் கரையோரம் ஒதுங்கிவிடும். தாங்கிய தண்ணீரே அசைந்துகொண்டிருந்தால் படலம் என்ன செய்யும்?

மீஞ்சூர் அருகே கட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்ட, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சவ்வுகள் வேறு ரகம். அவை லிப்பிட் அல்ல, பாலிமர். ஆனால் அங்கேயும் உப்பைத் தடுக்கும் வேலையைச் செய்வது ஒரு மைக்ரானில் சிறு பங்கு தடிமன் உள்ள மேல் ஏடு மட்டும்தான். கடல்நீரை அழுத்தித் தள்ளும் விசையை அந்த ஏடு தனியாகத் தாங்காது. கீழே துளைகள் கொண்ட தடித்த அடுக்கு, அதற்கும் கீழே துணி போன்ற அடுக்கு. அந்தத் துளைகள் பெரிதானால் ஏடு கிழியும், சிறிதானால் தண்ணீர் வராது.

செல் சவ்வு ஆய்வில் இன்னும் முழுதாகத் தீராத சிக்கல் புரதங்கள்தான். பல சவ்வுப் புரதங்கள் சவ்வின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இருப்பது ஒன்றிரண்டு நானோமீட்டர் தண்ணீர் மட்டும். அதனால் புரதத்தின் கீழ்ப்பகுதி நேராகக் கண்ணாடியில் இடிக்கும், ஒட்டிக்கொள்ளும், சில நேரம் உருக்குலைந்தும் போகும். மேலே லிப்பிட்கள் ஓடிக்கொண்டிருக்க, புரதம் மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அப்படி நிற்கும் புரதத்தின் மீது ஒரு மருந்தைச் சோதித்தால் வரும் முடிவை நம்புவது எப்படி?

அதனால் கண்ணாடிக்கும் சவ்வுக்கும் நடுவே மெத்தை போடுகிறார்கள். தண்ணீரை உறிஞ்சி உப்பிய மெல்லிய பாலிமர் அடுக்கு, சில நானோமீட்டரிலிருந்து பல பத்து நானோமீட்டர் வரை. 1990-களில் ஜெர்மனியின் எரிக் சாக்மன் போன்றவர்கள் முன்னெடுத்த வழி இது. மெத்தை தடித்தால் புரதத்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் சவ்வில் ஓட்டை விழும் வாய்ப்பும் கூடும். மெலிந்தால் சவ்வு சீராகப் பரவும், புரதம் மறுபடி கண்ணாடியில் இடிக்கும். அந்த மெத்தை மீது முதல் லிப்பிட் அடுக்கை ஏற்றும்போது பல ஆய்வகங்களில் இன்றைக்கும் செய்வது, ஒரு தொட்டித் தண்ணீரிலிருந்து தளத்தைச் செங்குத்தாக, மெல்ல, மேலே எடுப்பதுதான்.